வர்த்தமானி மட்டும் போதுமா?

யாழ். குடாநாட்டை அடுத்த சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பறவைகளைக் காக்க இந்நாடு பெரிதும் நம்பியிருப்பது இந்த வழியைத்தான்: வர்த்தமானியில் அறிவித்து எல்லை போடுவது.

இதன் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. மாரியில் வந்திறங்கும் பூநாரைகளுக்கும் வலசைப் பறவைகளுக்கும் கலையாத ஆழமற்ற களப்பு வேண்டும். கண்டல் வெட்டுவோரையும் மணல் அள்ளுவோரையும் தடுக்கச் சட்டத்தின் துணை வேண்டும்.

ஆனால் நாய்க்கும் காகத்துக்கும் எல்லைக்கல் பொருட்டல்ல. வடக்குக் கரையோர உப்புக்கொத்தி வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். மணல் நிறத்தில் கரும்புள்ளி விழுந்த அந்த முட்டைகள் மனிதர் கண்ணுக்கே தப்பிவிடும். மாடு மிதித்தாலோ நாய் மோப்பம் பிடித்தாலோ அந்த ஈடு அத்தோடு முடிந்தது.

இதற்கு நேரெதிரான வழி நியூசிலாந்தின் ககாபோவுக்குக் கிடைத்தது. பறக்கத் தெரியாத இந்த இராக்கிளி பூனைக்கும் கீரி போன்ற சிறு ஊனுண்ணிகளுக்கும் இரையாகி, 1995இல் 51 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பே தொடங்கி, எஞ்சியவற்றை இவ்விலங்குகள் இல்லாத தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, உடலில் அலைபரப்பி பூட்டினார்கள். முட்டையை அடைகாப்பானுக்கு எடுத்துச் சென்று, தாய் கூட்டை விட்டுப் போகாதிருக்கப் போலி முட்டையை வைத்தார்கள். 2022இல் எண்ணிக்கை 250ஐத் தாண்டியது.

இவ்வழியிலும் குறையுண்டு. செலவு அதிகம். நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகியதால் பல முட்டைகள் பொரிப்பதில்லை. 2019இல் பூஞ்சை நோய் பரவிச் சில பறவைகள் இறந்தன. ஆயிரக்கணக்கில் கூடும் களப்புப் பறவைகளுக்குத் தனித்தனியே பெயர் வைத்துக் காவலிருக்கவும் முடியாது.

ஆயினும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கூடு கூடாகக் காவல். மற்றது, மண்ணுக்குரியவர்களின் பங்கு: அங்கே ஙாய் தாஹு மாவோரி மக்கள் அரசோடு சேர்ந்து ககாபோவைக் காக்கிறார்கள். இங்கோ, காணியும் தொழிலிடமும் எல்லைக்குள் போய்விட்டன என்பது சுண்டிக்குளத்தை அண்டிய வடமராட்சி கிழக்கு மக்களின் முறைப்பாடு. தொழிலை இழந்தவன் பூங்காவைத் தனதென்று நினைக்கமாட்டான். அவன் துணையில்லாமல் அவ்வளவு பெரிய பரப்பை எந்தத் திணைக்களமும் காக்க முடியாது.

எல்லை இருக்கட்டும். அதனுள் மக்களின் தொழிலுரிமை எழுத்தில் உறுதியாகட்டும். கோடையில் கூடுள்ள மணற்றிட்டுகளுக்கு வேலி போட்டு, அயலூர்க் கடற்றொழிலாளர் குடும்பங்களையே சம்பளத்துக்குக் காவல் வைக்கட்டும். பொரித்த குஞ்சுகளை அவர்களோடு சேர்ந்தே வனசீவராசிகள் திணைக்களம் ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். பூங்கா வென்றதா என்பதை அந்தக் கணக்குத்தான் சொல்ல முடியும்.