கைபேசிக்குள் நீளப் பட்டியல்: என்கர்சஸ் ‘பேட்’ எப்படி?

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே எனக்குள் எழும் கேள்வி, “இது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா?” என்பதுதான். லேக் மார்க்கெட் அருகே எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து சேர்ந்தவை 3,200 புத்தகங்கள். தமிழ் பாதி, வங்காளம் பாதி. அந்தப் பட்டியலைக் கைபேசியில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலிக்குள் ஏற்றி, பைத்தானில் எழுதிய ஒரு சின்ன நிரலோடு இரண்டு மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். நிரலின் முதுகெலும்பு என்கர்சஸ் தொகுப்பில் உள்ள ‘பேட்’ வசதி. இந்த விமர்சனம் அதைப் பற்றியது.

டெர்மினல் திரையில் நினைத்த இடத்தில் எழுத்தை வைக்க, 1980 வாக்கில் பெர்க்லியில் கென் அர்னால்ட் எழுதியது கர்சஸ். ‘ரோக்’ விளையாட்டு அதன் மேல்தான் ஓடியது. இணைப்புகள் ஆமை வேகத்தில் இருந்த காலம் என்பதால், திரையில் மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும் சிக்கனம் அதன் ரத்தத்திலேயே ஊறியது. பேட் பின்னால் ஏடி அண்டு டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் வழியாக வந்து சேர்ந்தது. கர்சஸின் இன்றைய வடிவமான என்கர்சஸைப் பராமரிப்பவர் தாமஸ் டிக்கி.

சாதாரண கர்சஸ் ஜன்னல் திரையை விடப் பெரிதாக இருக்க முடியாது. பேட் அப்படியல்ல. நினைவகத்தில் விரித்த பெரிய தாள் அது. திரையில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. என் தாள் 3,200 வரி உயரம், 160 கட்டம் அகலம். கைபேசியிலோ 52 கட்டம், 30 வரிதான். முழுப் பட்டியலையும் ஒரே தடவை தாளில் எழுதிவிட்டு, வேண்டிய துண்டை மட்டும் திரைக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு ஆறு எண்கள் தர வேண்டும்: 120, 40, 0, 0, 28, 51. தாளின் 120ஆம் வரி, 40ஆம் கட்டத்திலிருந்து எடு. திரையின் இடது மேல் மூலையில் தொடங்கி 28ஆம் வரி, 51ஆம் கட்டம் வரை வை. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. கடைசி வரியைத் தேடல் பெட்டிக்கு விட்டிருக்கிறேன். கீழே நகர வேண்டுமானால் 120ஐ 121 ஆக்கினால் போதும், எதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கணக்கு முழுக்க நம் பொறுப்பு என்பதை மறந்தால் அடி விழும். முதல் நாள் நிரலை ஓட்டியபோது பட்டியல் வந்த வேகத்தில் மறைந்து, வெற்றுத் திரைதான் மிஞ்சியது. விசைக்காகக் காத்திருக்கும் கட்டளை, அடிப்படைத் திரையைத் தானாகவே புதுப்பித்து பேட் மேல் பூசிவிடுகிறது. அடிப்படைத் திரையை முதலிலேயே ஒருமுறை புதுப்பித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்தது, கைபேசியைப் படுக்கவைத்ததும் நிரல் செத்துப்போனது. திரை 14 வரியாகச் சுருங்கிய பிறகும் நான் 28 என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரை அளவு மாறினாலும் பேட் அப்படியே இருக்கும். ஆறு எண்களைத்தான் ஒவ்வொரு முறையும் திரையைக் கேட்டுப் போட வேண்டும். தேடல் பெட்டியும் பட்டியலும் சேர்ந்து மாறும்போது திரை மினுக்காமல் இருக்க, இரண்டையும் ‘நோவுட்ரெஃப்ரெஷ்’ கட்டளையால் தயார் செய்து, கடைசியில் ஒரே ஒரு ‘டூஅப்டேட்’ கொடுத்தால் போதும்.

நம் மொழியில்தான் உண்மையான சோதனை. எந்தக் குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதை யூனிகோடில் அந்தக் குறிக்குத் தரப்பட்ட வகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதன்படி இகரக் கொக்கி இடம் பிடிக்கும். ஈகாரக் கொக்கியும் புள்ளியும் பிடிக்காது. அதனால் ‘கிளி’ நான்கு கட்டம், ‘கீரி’ மூன்றே கட்டம்! கண்ணுக்கு ஒரே நீளமாகத் தெரியும் இரண்டு சொற்கள் பட்டியலில் ஒரு கட்டம் தள்ளி நிற்கின்றன. வங்காளத்திலும் இதே கதை: இகரக் குறிக்கு இடம் உண்டு, உகரக் குறிக்கு இல்லை. பக்கவாட்டில் நகரும்போது வெட்டு சரியாக க-வுக்கும் கொக்கிக்கும் நடுவே விழுந்தால், திரை ஓரத்தில் கொக்கி மட்டும் அநாதையாக நிற்கும். பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. அலமாரி எண், ஆண்டு இரண்டையும் இடது பக்கம் வைத்துத் தலைப்பைக் கடைசிக்குத் தள்ளினேன். பக்கவாட்டு நகர்வைக் கட்டம் கட்டமாக இல்லாமல் பத்தி பத்தியாக ஆக்கினேன். அதன் பிறகுதான் பட்டியல் வாசிக்கும்படி ஆனது.

ஒரு கட்டத்துக்கு 28 பைட் என்றால் என் தாள் பிடிப்பது சுமார் 14 மெகாபைட். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான ஹெச்இசி-2எம் 1950களில் வந்திறங்கியது இதே ஊரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். 1,024 சொற்கள் கொள்ளும் காந்த உருளைதான் அதற்கு நினைவகம். அந்த ஊரின் நடைபாதையில் நின்றுகொண்டு 14 மெகாபைட்டை ஒரு பட்டியலுக்குச் செலவிடுவது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. வழக்கமான என்கர்சஸில் பேட் 32,767 வரியைத் தாண்டாது. லட்சக்கணக்கில் வரி உள்ள பதிவுக் கோப்புகளைப் பார்க்க இது ஆகாது. அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் நீங்களே வரைவதுதான் சரி. விண்டோஸுக்கான பைத்தானோடு கர்சஸ் வருவதில்லை; லினக்ஸ், மேக், டெர்மக்ஸ் மூன்றிலும் தொல்லையில்லை.

சில ஆயிரம் வரிகள், அடிக்கடி மாறாத விவரம், சின்னத் திரை என்றால் தயங்காமல் பேட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலப் பட்டியலை வைத்துச் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே ‘கிளி’யையும் ‘கீரி’யையும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.