கண்ணோட்டம் என்னும் சொல்

நம் கருத்தரங்குகளின் அழைப்பிதழ்களைப் புரட்டினால் 'கண்ணோட்டம்' என்னும் சொல் இல்லாத தலைப்பைக் காண்பது அரிது. விவிலியக் கண்ணோட்டத்தில் குடும்பம், பெண்ணியக் கண்ணோட்டத்தில் காப்பியம், பொருளியல் கண்ணோட்டத்தில் வேளாண்மை என்று அது எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் ஒன்றை எங்கிருந்து பார்க்கிறார் என்பதையே இச்சொல் இன்று குறிக்கிறது. 'பெர்ஸ்பெக்டிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதை வழங்கி வருகிறோம். அவ்வழக்கு தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் இச்சொல்லின் பழம்பொருள் நம் கையைவிட்டு நழுவியதால் நேர்ந்த இழப்பு சிறிதன்று.

திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். கண்ணோடுதல் என்றால் காணப்பட்டவர்பால் கண் தானே விரைந்து செல்லுதல். பரிமேலழகர் இதனைப் பழகியவரைக் கண்டால் அவர் சொல்லைத் தட்டமாட்டாத இயல்பாக விளக்குகிறார். அவ்வியல்பு இல்லாதவரை வள்ளுவர் மண்ணில் ஊன்றிய மரத்தோடு ஒப்பிடுகிறார். அவர்தம் கண்ணைப் புண் என்றே கருதுகிறார். வியப்பு என்னவெனில், அருளுடைமையை அறத்துப்பாலில் துறவிக்கு உரியதாக வைத்தவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், அரசியல் பகுதியில் வைத்தார். ஆள்பவனுக்கு, அதிகாரம் உடையவனுக்கு வேண்டிய குணம் இது. அதற்கு ஒரு வரம்பும் இட்டார்: செய்யவேண்டிய கருமம் சிதையக் கூடாது.

மேலைநாட்டுச் சொல்லின் கதை வேறு. இலத்தீனில் அதன் வேர் 'ஊடுருவிப் பார்த்தல்'. இடைக்காலத்தில் அது ஒளியியலின் பெயராக இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரின் புருனெலெஸ்கியும், 1435-இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய ஆல்பெர்ட்டியும் அதை ஓவியக் கலையின் இலக்கணமாக்கினர். பார்ப்பவன் ஓரிடத்தில் அசையாது நிற்கிறான். அவன் கண்ணுக்கு எதிரே ஒரு புள்ளியில் கோடுகள் யாவும் சென்று கூடுகின்றன. தொலைவில் உள்ளவன் சிறியவனாகத் தோன்றுகிறான். அற்புதமான கலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கண் எங்கும் ஓடுவதில்லை.

எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் சமாரியனும் கண்டனர் என்று லூக்கா மூவருக்கும் ஒன்றுபோல எழுதுகிறார். பார்வையில் குறையுடையவர் எவருமிலர். மூன்றாமவனுக்கு மட்டுமே கண் ஓடிற்று.

காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் சுட்டுவிரலை இழந்த ஒடிசா இளைஞர் ஒருவருக்காகப் பேசச் சென்றிருந்தேன். "ஃபாதர், அது உங்க கண்ணோட்டம். என் இடத்துல இருந்து கொஞ்சம் பாருங்க" என்றார் உரிமையாளர். வங்கிக் கடன், நின்றுபோன ஆர்டர், மின்கட்டணம் என்று அவர் அடுக்கியவற்றில் பொய் இல்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை முழுச் சுட்டுவிரல் இழப்பை, சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டது. விரலுக்கு எண் வைப்பது கொடுமை என்பார் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. அந்த 14 இல்லையேல் அவ்விளைஞர் முதலாளியின் நல்ல மனத்தை நம்பியே நிற்கவேண்டும். வள்ளுவர் கருமம் என்றதில் இதுவும் அடங்கும். என்னை உறுத்தியது வேறு. பேச்சு நடந்த அரைமணி நேரமும் உரிமையாளர் அந்தக் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 'கண்ணோட்டம்' என்ற சொல்லே அவர் பாராமலிருக்க வசதி செய்து தந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஆனபின் நடுவில் கிடக்கும் கையைப் பற்றிப் பேச யாதுளது?

புதிய பொருளிலும் இச்சொல்லைத் தகுதியோடு ஆண்டவர்கள் இல்லாமலில்லை. பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியேரஸ் 1971-இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூலின் துணைத்தலைப்பே 'கண்ணோட்டங்கள்' என்பதுதான். ஏழைகள் நிற்கும் இடத்திற்குப் போய் நின்று பார் என்று அவர் கேட்டார். நின்ற இடத்தைவிட்டு நகரச் சொன்னார். பட்டறை உரிமையாளரும் என்னை நகரத்தான் சொன்னார் என்று வாசகர் குறுக்கிடலாம். உண்மைதான், நானும் நகர்ந்து பார்த்தேன். அவர் நகரவில்லை. நம் அழைப்பிதழ்களில் இச்சொல்லை அச்சிடும் நாமும் பெரும்பாலும் நகர்வதில்லை. இருந்த இடத்தைக் காப்பதற்கே அதனை வேலியாக்குகிறோம். வெறும் இடத்தைக் குறிக்கக் 'கோணம்', 'நோக்குநிலை' என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன, அவை போதும்.

வள்ளுவர் கண்ணோட்டத்தை அடுத்து 59-ஆம் அதிகாரமாக ஒற்றாடலை வைத்தார். ஒற்றரும் அரசனுக்குக் கண்ணே என்கிறார். இரங்கும் கண்ணுக்கு அடுத்த வீட்டில் வேவு பார்க்கும் கண் குடியிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் மக்களைத் திரட்டிச் சென்று மேய்த்தவர்களுக்குக் கங்காணி என்று பெயர். கண்காணித்தல் என்பதிலிருந்து வந்த சொல். காக்களூருக்கு வடக்கிலிருந்து ஆள் கொண்டுவந்து விடுபவரைக் காண்ட்ராக்டர் என்கிறோம். பட்டறை வாசல்களில் கேமராக்கள் இருக்கின்றன. அன்றைய விபத்தும் ஒன்றில் பதிவாகியிருந்தது. யார்மீது தவறு என்று அறிய அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள்.