ஒப்புக்கொடுத்தல்: ஒரு வினைச்சொல்லின் செயப்படுபொருள்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஏறத்தாழ ஒரே வார்ப்பு. முதலில் குடி, கடன், நோய் என்று அல்லாடும் ஒரு 'நான்'. நடுவில் ஒரு ராத்திரி. பிறகு, "என்னால முடியல ஆண்டவரே, இனிமே நீரே பாத்துக்கும்னு விட்டுட்டேன்." டவுன்காரர் என்றால் "ஸ்டியரிங்க அவரு கையில குடுத்துட்டேன்" என்பார். இதைப் பகடி செய்வது சுலபம். ஆனால் குடியை விட்ட ஆள் விட்டிருக்கிறான், அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சாட்சிக் கதையாடலை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினைச்சொல்லில் தொடங்கலாம். தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்தச் செயலுக்குப் பெயர் 'ஒப்புக்கொடுத்தல்'. பழைய தமிழ் வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதும்போது, விசுவாசி தன் உடலைப் பலியாகத் தருவதற்கு இந்தச் சொல்தான் வருகிறது. சிலுவையில் அறையும்படி இயேசுவைப் பிலாத்து கையளிக்கும் இடத்திலும் இதே சொல்தான். ஒரே வினை, செயப்படுபொருள் மட்டும் வேறு. ஒன்றில் 'தன்னை', மற்றதில் 'அவரை'. நான் கேட்பது இதைத்தான்: ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லாடலுக்குள் 'தன்னை' என்பது எப்போது சத்தமில்லாமல் 'பிறரை' என்று மாறிவிடுகிறது?

இந்தக் கேள்விக்குக் கல்வராயன் மலையிலேயே ஒரு பிரதி கிடைக்கிறது. டொரதி கிளார்க் வில்சன் 1976இல் எழுதிய 'கிரானி பிராண்ட்' வாழ்க்கை வரலாறும், அதே வாழ்வைப் பற்றி மகன் பால் பிராண்ட் (வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்) சொல்லிவந்தவையும், பிரசங்க மேடைகள் அவற்றிலிருந்து உருவாக்கிக்கொண்ட மறுசொல்லல்களும். 1879இல் பிறந்த எவலின், வசதியான லண்டன் குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலை ஏறினார். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வெடுக்கச் சொன்னது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தவணை வாங்கினார். அது முடிந்ததும் மிஷனிலிருந்து விலகி, அனுமதி கேட்க யாரும் இல்லாத ஆளாகக் கல்வராயனுக்குப் போய்விட்டார். மட்டக்குதிரையிலும், பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றியும் மலைமலையாகத் திரிந்து 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் மகன்.

சரணடைந்தவர் என்று மேடைகள் கொண்டாடும் இந்தப் பெண்மணி, மனிதர் யாருக்கும் சரணடையாதவர். ஃபூக்கோ 1978 விரிவுரைகளில் 'ஆயர் அதிகாரம்' பற்றிப் பேசினார்: மேய்ப்பனுக்குக் கீழ்ப்படிதலையே லட்சியமாக்கி, ஆட்டின் சுயவிருப்பத்தை அழிக்கும் அதிகாரம். அதே விரிவுரைகளில் அதற்குள்ளிருந்தே கிளம்பும் 'எதிர்-நடத்தை' பற்றியும் பேசினார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிழவி இரண்டாம் பாதிக்காரி. கடவுளிடம் நேரடியாக ஒப்புக்கொடுத்துவிட்டவரை நடுவில் இருக்கும் நிர்வாகக் குழு என்ன செய்துவிட முடியும்?

இறையியலாகவும் இது புதிதல்ல. பிராண்ட் தம்பதியை அனுப்பிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் கால்வின் வழிப்பட்டது: மனிதன் விரும்பிச் சரணடைவதுகூட அவன் சாமர்த்தியம் அல்ல, கிருபை. தென்கலையாரின் பூனைக்குட்டிதான் இது. தாய் கவ்விக்கொண்டு போகிறது. 'நான் என்னை ஒப்புக்கொடுத்தேன்' என்று தன் முடிவை அழுத்திச் சொல்லும் இன்றைய சாட்சிக்காரர், தாயை இறுகப் பற்றும் வடகலைக் குரங்குக்குட்டி. ருடால்ஃப் ஒட்டோ 1930இலேயே இந்த ஒப்புமையை விரிவாக எழுதிவிட்டார். கல்வராயன் இருக்கும் இதே மாவட்டத்தில்தான் திருக்கோவிலூர்: ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில் நாலாவதாக ஒருவர் நெருக்கியதை முதலாழ்வார்கள் உணர்ந்த கதை. அங்கே யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. இடம்தான் போதாமல் போகிறது.

இனி, வினைச்சொல் புரளும் இடம். 1923இல் பிராண்ட் தம்பதி ஒன்பது வயது பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். பால் தகப்பனை மறுபடி பார்க்கவே இல்லை. மேடைகளில் இது தாயின் தியாகமாகச் சொல்லப்படுகிறது. ஒப்புக்கொடுக்கப்பட்டது 'தன்னை' என்று. குழந்தைகளைக் கேட்டா கொடுத்தார்கள்? இங்கே செயப்படுபொருள் பிள்ளைகள் அல்லவா?

இதற்குச் சில வருஷம் முன்பு, முதல் உலகப்போர் முடிந்த சமயத்து விஷக்காய்ச்சலில், அதுவரை மிஷனை எதிர்த்துவந்த கொல்லிமலைப் பூசாரி ஒருவர் சாகக் கிடந்தார். சொந்த ஜனமே கிட்ட வர அஞ்சிய வீட்டுக்குப் பிராண்ட் தம்பதி கஞ்சி கொண்டுபோனார்கள். பூசாரி தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். அதில் ஒன்று கைக்குழந்தை. மறுசொல்லல்களில் இது கொல்லிமலைச் சபையின் தொடக்கம், நற்செய்தியின் வெற்றி. பிள்ளையை விட்டுப் பிரிந்த வெள்ளைக்காரத் தாய்க்கு ஓர் அகம் கிடைக்கிறது: கண்ணீர், போராட்டம், ஜெபம். பிள்ளையை விட்டுச்செல்லும் பூசாரிக்கு அகம் இல்லை. ஒரு திருப்பமாக மட்டும் வந்து போகிறார். எனக்கோ இந்தப் பிரதியில் ஆகப் பெரிய ஒப்புக்கொடுத்தல் அவருடையதுதான் என்று படுகிறது. தன் தெய்வத்தின் தோல்வியையா, எதிரியின் கஞ்சியையா, எதைப் பார்த்து அந்தக் கையை நீட்டினார்? தெரிந்துகொள்ள வழியில்லாமல் கதை முடிகிறது. கிழவியைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் கைக்குழந்தை பிழைத்தது. கிணறுகளுக்குக் கல்சுவர் கட்டச்சொல்லி நரம்புச்சிலந்தியை ஒழித்த கையும் இவர்களுடையதுதான். என் சண்டை கதை சொல்லும் முறையோடு.

கல்வராயனுக்கு வருவோம். அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் கொள்ளத்தக்க பெயருடைய பழங்குடிகள். பெயரில்தான் ஆட்சி. மலை ஜாகீர்தார்களிடம் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதாவது கிழவி கல்வராயனில் கழித்த காலம் முழுக்க ஜாகீர் காலம். 'உன் வாழ்க்கையின் கட்டுப்பாட்டைக் கடவுளிடம் கொடு' என்ற வாக்கியம் லண்டன் பெண்ணிடம் சொல்லப்படும்போது கொடுக்க ஏதோ இருக்கிறது: சொத்து, படிப்பு, அழகு, கண்ணாடி. கூலியில்லாமல் ஜாகீர் நிலத்தில் உழைத்தவனிடம் அதே வாக்கியம் போனால்? "எங்கிட்ட ஏது சாமி குடுக்க?" என்று அவன் கேட்டால் சாட்சி வார்ப்பில் பதில் இல்லை. அவனுக்கு அந்த வாக்கியம் பொருள்பட ஒரே வழிதான் உண்டு: என் உயிர் கடவுளுக்குச் சொந்தம் என்றால் ஜாகீர்காரனுக்குச் சொந்தமில்லை. அவன் விஷயத்தில் ஒப்புக்கொடுத்தலுக்கு முன்னால் பறித்தெடுத்தல் வர வேண்டும். கிழவி மிஷனிடமிருந்து தன்னைப் பறித்துக்கொண்டு போன மாதிரி.

கிராமத்துச் சபைகளில் இந்த வாசிப்பு கேட்கக் கிடைப்பது அபூர்வம். கிழவி அங்கே கீழ்ப்படிதலின் மாதிரி. மிஷனின் பேச்சைக் கேட்காமல் போனது சொல்லப்பட்டாலும் முதுமையின் செல்லப் பிடிவாதமாகச் சிரிப்போடு கடந்துபோகிறது. 2024 சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக அரசைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மலைக்கு மிஷன் சொல் கேளாமல் ஏறிய கிழவியின் கதையை 'நீரே பாத்துக்கும்' என்பதற்கு உதாரணமாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.