மலையும் ஆறும்: டேனியல் ஓவியமொன்றின் தலைப்பும் அதன் தமிழாக்கமும்

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792-93ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பயணம் செய்து நிலக்காட்சிகள் பலவற்றை வரைந்தனர். அவற்றுள் ஒன்று காவிரியையும் திருச்சிராப்பள்ளி மலையையும் காட்டுவதாகும். 1795 முதல் 1808 வரை இலண்டனில் 144 படங்களாக வெளிவந்த தொகுதியில் இதுவும் இடம்பெற்றது.

இதனை நீர்வண்ண ஓவியம் எனக் குறிப்பது முற்றிலும் பொருந்தாது. செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டுப் பின்னர்க் கையால் வண்ணம் தீட்டிய படம் இது. நீர்வண்ணத்தின் சாயலை அச்சில் தருவதே அம்முறையின் நோக்கம். படத்தின் மென்மை தூரிகைக்கு மட்டும் உரியதன்று, தகட்டிற்கும் உரியது.

மொழியியல் நோக்கில் கருதத்தக்கது இதன் தலைப்பேயாகும். 'காவிரியாற்றின்மேல் எடுத்த திருச்சிராப்பள்ளிப் பாறை' என்பது ஆங்கிலத் தலைப்பின் நேர்பொருள். இதனைக் 'காவிரிக்கரையில் திருச்சி மலைக்கோட்டை' எனப் பெயர்ப்பின் என்ன நேரும்? 'மயூர் விஹார் யமுனைக் கரையில் உள்ளது' என்பதற்கும் 'யமுனையிலிருந்து கண்ட மயூர் விஹார்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் நேரும். முன்னது இடத்தின் அமைவைக் கூறுகிறது. பின்னது காண்பான் நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. தலைப்பில் காண்பானை நீக்கினால் படத்தின் கோணமும் மறைந்துவிடும். 'எடுத்த' என்னும் சொல்லோ இன்று ஒளிப்படத்தையே நினைவூட்டும். எனவே 'காவிரியாற்றிலிருந்து கண்ட' என்பதே தக்கது.

'பாறை' என்பது அயலார் இட்ட பெயர். ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள இதனைத் தமிழர் மலை என்றே வழங்குவர். எனினும் தலைப்பில் 'பாறை' நிற்றல் வேண்டும். 'மலைக்கோட்டை' என்பது விளக்கக்குறிப்பிற்கு உரியது.

இம்மலையிலுள்ள 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு இதற்கு மறுதலையான நோக்கைத் தருகிறது. ஆறுகளை விரும்பும் சிவபெருமான் காவிரியின்மேல் மையல் கொள்வானோ என அஞ்சி உமை இம்மலையில் தங்கினாள் என்பது அதன் கற்பனை. அங்கு மலை ஆற்றைக் காண்கிறது; டேனியல் படத்தில் ஆற்றிலிருப்பவன் மலையைக் காண்கிறான். அப்படத்தின் அளவுத் திருத்தம் போற்றத்தக்கதே. ஆயினும் மலைக்கும் ஆற்றுக்குமிடையே அக்கல்வெட்டு கண்ட உறவு அதில் இல்லை. யாருடைய கண் என்பதைத் தெளிவாகக் காட்டும் தமிழாக்கமே இவ்வேறுபாட்டைப் படிப்போர்க்கு உணர்த்தும்.