மெக்காலே ஏறிவந்த மலை

சென்ற மாதம் குன்னூரில் நாலைந்து பேர் கூடியிருந்தபோது நண்பர் ஒருவர் மெக்காலேயை இழுத்தார். எதேச்சாதிகார நாடுகளில் புரட்சியைத் தவிர்க்க ஜனநாயகச் சீர்திருத்தம் ஒன்றே வழி, இதை மெக்காலே 1831-லேயே சொல்லிவிட்டான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். எனக்குப் பதில் எப்போதும் வீடு திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றும்.

மெக்காலே சொன்னது உண்மைதான். 1831 மார்ச் 2-ஆம் தேதி காமன்ஸ் சபையில் பேசிய பிரசங்கம் அது. ஆளில்லாத ஓல்ட் ஸாரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இப்போதே திருத்துங்கள், தாமதித்தால் எல்லாம் போய்விடும் என்பது வாதத்தின் சாரம். பி.ஏ.யில் ஆங்கில வசனத்தின் நேர்த்திக்காக இந்த ஆளை எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். நேர்த்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விமர்சகன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது யாரிடம் பேசப்படுகிறது என்பது. பிரசங்கம் முழுவதும் சொத்துள்ளவனைப் பார்த்தே பேசுகிறது. வெளியே நிற்கும் ஜனங்கள் அதில் ஒரு சத்தமாக மட்டும் வருகிறார்கள். மறு வருஷம் சட்டம் வந்தது. நகரங்களில் பத்து பவுன் வாடகை மதிப்புள்ள வீட்டுக்காரனுக்கு ஓட்டு, தொழிலாளிக்கு இல்லை. தொழிலாளிகள் சாசன இயக்கம் நடத்திச் சர்வஜன வாக்குரிமை கேட்டபோது, 1842-இல் அதே சபையில் எழுந்து அதை எதிர்த்தவனும் மெக்காலேதான். நண்பர் அந்தப் பிரசங்கத்தை வாசிக்கவில்லை என்று படுகிறது.

இடையில் அவன் இந்த மலைக்கு வந்துபோனான். 1834 ஜூனில் சென்னையில் இறங்கி, பெண்டிங்க் ஊட்டியில் இருந்ததால் ஏறக்குறைய நானூறு மைல் மனிதர்களின் தோளில் பல்லக்கில் வந்தான். தண்டனைச் சட்டத்தை இங்கே உட்கார்ந்துதான் எழுதினான் என்று உள்ளூரில் ஒரு பெருமை. தேதிகள் ஒத்துவரவில்லை, சட்டக் கமிஷன் மறு வருஷம்தான் வேலை தொடங்கியது. இங்கே அவன் செய்ததில் எனக்குப் பிடித்தது, 'க்ளாரிஸா' நாவலைத் துரைமார்களிடம் கொடுத்து எல்லோரையும் பைத்தியமாக்கியது. தாக்கரே அதை ரசமாக எழுதியிருக்கிறார். நாவலுக்கு அழுத கூட்டம் அது. பல்லக்குத் தூக்கி வந்தவர்களுக்கு ஓட்டு வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. முந்தைய வருஷமே மெக்காலே சபையில் விளக்கியிருந்தான்: இந்தியாவுக்குப் பிரதிநிதித்துவ ஆட்சி ஆகாது, நல்ல எஜமானன் போதும். இங்கிலாந்தில் பயம் இருந்தது, சீர்திருத்தம் வந்தது. இங்கே 1834-இல் பயம் இல்லை. 1857-க்கு இன்னும் இருபத்து மூன்று வருஷம் இருந்தது.

நான் வங்கியில் குமாஸ்தா. இந்த மலையில் சிலோன்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் தினமும் என் கவுண்டருக்கு வருகிறார்கள். நண்பரின் தேற்றத்துக்கு என்னிடம் உள்ள ஆட்சேபம் அவர்கள்தான்.

1931-இல் சர்வஜன வாக்குரிமை வந்த நாடு இலங்கை. 1947 தேர்தலில் மலையகத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதற்கடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. 1952-இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு ஐந்தே கால் லட்சம், இலங்கைக்கு மூன்று லட்சம், மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிலுவை. 1974-இல் நிலுவையும் சரிபாதியாயிற்று. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான பேரேட்டை நான் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குடும்ப அட்டையோடு பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்தன. 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், இன்றைய டான்டீ, அவர்களுக்கென்று உண்டானது.

இவர்கள் புரட்சி செய்யவில்லை. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஒரு பெண் ஒரே நாளில் பறித்த கொழுந்தின் எடையைச் சுற்றி நிற்கும் கதை. இதில் கலகம் எங்கே என்று நம் முற்போக்கு நண்பர்கள் கேட்கக்கூடும். எடை சரியாகப் போடப்படுவதே பெரிய விஷயமாக இருக்கும் வாழ்க்கை அது என்பதை ராமையா அறிந்திருந்தார்.

நண்பருக்குச் சாதகமான சாட்சி வடக்கில் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் மறு வருஷமே கிழிந்தது. 1965-இல் டட்லியோடு செய்ததும் நடக்கவில்லை. 1972-இல் செல்வநாயகம், மக்கள் கருத்தை அறியலாம் என்று பதவியைத் துறந்தார். இடைத்தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில். ஓர் இடைத்தேர்தலுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைக்கும் அரசைப் பார்த்து வளர்ந்த பையன்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? 1981-இல் அதிகாரமில்லாத மாவட்ட சபைகள் வந்தன. அந்தத் தேர்தல் சமயத்தில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலையே நிறுத்திவிட்டு, 1977 பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருஷம் நீட்டச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார் ஜெயவர்த்தனா. 1983 ஜூலைக்கு மறுமாதம் ஆறாவது திருத்தம். தமிழர் கூட்டணி உறுப்பினர்கள் சபையை இழந்தார்கள். பேசத் தெரிந்தவர்கள் வெளியேற்றப்பட்டபின் சுடத் தெரிந்தவர்களே பாக்கி. 2009 வரை நடந்ததை இங்கே எழுதவேண்டியதில்லை.

ஆக, சீர்திருத்தம் மறுத்தால் கலகம் வரும் என்பது சரி. ஆனால் இந்தத் தர்க்கம் பயமுறுத்த முடிந்தவனுக்கு மட்டுமே உதவுகிறது. மலையகத்தில் எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது 1988-இல், வடக்கில் யுத்தம் ஐந்து வருஷம் எரிந்த பிறகு. விடுபட்டவர்களுக்கு 2003-இல். வேறு யாரோ கொடுத்த விலையில் இவர்களுக்குக் கிடைத்த மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. புரட்சியைத் தடுக்கத்தான் ஜனநாயகம் என்றால், சாதுவாக இருப்பவனுக்கு அதை ஏன் தரவேண்டும்? மெக்காலேயிடம் இதற்குப் பதில் கிடையாது. அவன் பயத்தை நம்பினான். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 1971-இலும் 1987-க்குப் பிறகும் ஆயுதம் தூக்கி ஆயிரக்கணக்கில் செத்த ஜே.வி.பி.யின் தலைவர் 2024-இல் ஓட்டுச்சீட்டால் ஜனாதிபதியானதைப் பார்த்த பிறகும், பயம்தான் வழி திறந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் எழுபது தாண்டிய ஒரு அம்மாள் முதியோர் பென்ஷனுக்காக வந்தார். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். மேலே அனுப்பித்தான் திருத்தவேண்டும், நாளாகும் என்றேன். "நாங்க யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கலியே, தம்பி" என்றார். குற்றம் சாட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

படிவத்தை அனுப்பியிருக்கிறேன். நண்பருக்கு 1842 பிரசங்கத்தின் நகல் ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். வாசிப்பாரா என்பது வேறு விஷயம்.