கல்லைக் கண்ட காமிரா

யுத்த காலத்தில் இந்தியாவிலிருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள், விடுமுறையில் ஆக்ராவிற்குச் சென்று எடுத்த புகைப்படங்களை வாசகர்களிற் சிலர் பார்த்திருக்கலாம். அவற்றுட் சிலவற்றில் தாஜ்மகாலின் பெரிய கும்மட்டத்தைச் சுற்றிச் சாரம் நிற்கும். 1942இல் ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு அஞ்சிச் சர்க்கார் செய்த ஏற்பாடு அது என்பர்.

இப்படங்களை நாம் இகழவில்லை. நாளை உயிரோடிருப்போமோ என்றறியாதவன், முந்நூறாண்டு நின்ற கட்டடத்தின் முன் நிற்க விரும்புவது மனித இயல்பே. ஆயினும், அச்சாரத்தை ஏறிக் கட்டியவன் எங்கே என்று தேடினோம். நாம் பார்த்த படங்களில் அவனைக் காணோம்.

கட்டடத்தைக் கண்டு கட்டியவனை மறக்கும் இக்குறை ஆக்ராவோடு நிற்கவில்லை. அதே யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டனர். 1943இல் முடிந்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கு மாண்ட நேச நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனாபுரியில் ஒழுங்கான கல்லறைகள் உண்டு. அவ்வரிசைகளில் நம் தோட்டத்தார் பெயர் இல்லை. அங்குள்ள பாலத்தின்மேல் நின்று படமெடுத்துக்கொள்ளும் பயணிகளில் நம்மவரும் உளர்!

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கோலசிலாங்கூர் சென்று, மெலாவத்தி மலைப் பீரங்கியருகே படமெடுக்கும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். கல்லைப் படமெடுங்கள், தவறில்லை. வீடு திரும்பியதும், சயாம் சென்று மீளாதவர் குடும்பத்தில் உண்டோ எனப் பெரியோரைக் கேளுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தையும் எழுதிக் குடும்பப் படங்களோடு சேர்த்து வையுங்கள். அதுவரை நமது படங்களும் அச்சிப்பாய்களின் படங்களைப்போற் குறையுடையனவே என்பது நமது அபிப்பிராயம்.