பழையனூர் நீலி: உருமாற்றமும் உறவும்

முன்னுரை

பொய்யாக அழுவாரது கண்ணீரை ‘நீலிக் கண்ணீர்’ என்று கூறுவது தமிழ் வழக்கு. கற்றோரும் மற்றோரும் ஒருங்கே ஆளும் இத்தொடர், ஒரு பழங்கதையின் சுருக்கம் மட்டுமன்று; அக்கதையின்மேல் வழங்கப்பட்ட தீர்ப்புமாகும். நீலி பேய், பெண்ணுருக் கொண்டாள், வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று அவையில் அழுது கூறினாள், அவ்வழுகை பொய், அதனை நம்பிய வேளாளர் எழுபதின்மர் உயிர் துறந்தனர் என்பது அத்தீர்ப்பின் சாரம். கதையை ஆராயப் புகுவோரும் பெரும்பாலும் இத்தீர்ப்பினையே தொடக்கமாகக் கொள்கின்றனர். நீலியின் கண்ணீர் உண்மையிற் பொய்தானா என்பதனை, கதையின் உறுப்புகளைக்கொண்டே மீண்டும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைக்களம் தொண்டை மண்டலத்துப் பழையனூர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால், கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைப் பக்கங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. அம்மாவட்டத்தின் மேற்கே, திருவாலங்காட்டை அடுத்து இவ்வூர் உள்ளது. முதல் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். கோயிலும் ஊரும் இவ்வாறு பிணைந்திருத்தலை மனங்கொள்ளல் வேண்டும். நீலியின் கதையை அக்கோயிலைச் சூழ்ந்த பிற பேய்க்கதைகளினின்றும் பிரித்துப் பார்த்தல் பொருந்தாது.

கதையின் போக்கு

நீலி கதைக்குத் தொண்டை நாட்டு வழக்கு ஒன்றும், நெல்லை குமரிப் பகுதிகளில் வில்லுப்பாட்டாக வழங்கும் வழக்கு ஒன்றும் உள்ளன. பெயர்களும் குலங்களும் ஊர்களும் இவ்விரண்டனுள் வேறுபடுகின்றன. கதையின் எலும்புக்கூடு ஒன்றே. முற்பிறவியில் ஒருவன் தன்னை நம்பி உடன்வந்த பெண்ணை வழியிற் கொல்கிறான். அவளைத் தேடிவந்த உடன்பிறந்தான் அவள் உடல் கண்டு உயிர் விடுகிறான். இறக்கும்போது அவள் அருகில் நின்ற கள்ளியைச் சான்றாக விளித்தாள் என்று தென்னாட்டு வழக்குக் கூறும். கொன்றவன் மறுபிறவியில் வணிகன் மகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவளும் அவள் உடன்பிறந்தானும் நீலி, நீலன் என இரட்டைக் குழந்தைகளாக ஒரு மனைக்கண் பிறக்கின்றனர்.

இதன்பின் நிகழ்வன யாவரும் அறிந்தவை. வணிகன் பழையனூர் வழியே வருகிறான். நீலி இளம்பெண் உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, அவன் தன் கணவனென ஊரவை முன் முறையிடுகிறாள். அவன் மறுக்கிறான். குழந்தையோ அவனைத் தந்தையென அணுகுகிறது. அவையத்தார் இருவரையும் ஓரிரவு ஒரு மனையில் தங்குமாறு பணித்து, அவனுயிர்க்குத் தம் உயிரையே பிணையாக வைக்கின்றனர். அவன் கையிலிருந்த மந்திரவாள், நீலியின் வேண்டுகோளின்படி வாங்கப்படுகிறது. விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீயிற் பாய்கின்றனர். அவர்கள் தீப்பாய்ந்த இடம் திருவாலங்காட்டை அடுத்து இன்றும் காட்டப்படுகிறது. அவ்விடத்து இறைவன் பெயர் சாட்சி பூதேசுவரர்.

தொட்டிலும் காடும்

கதையைச் சுருக்கிக் கூறுவோர் அவைக்காட்சிக்கு விரைந்து, அதற்கு முற்பட்ட ஒரு பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். நீலியும் நீலனும் குழந்தைகளாய் மனித மனையில் வளர்ந்த பகுதி அது. பகலில் அவர்கள் தொட்டிலில் உறங்கும் மக்கள். இரவில் எழுந்து சென்று ஊரார் ஆடுமாடுகளைத் தின்னும் பேய்கள். விடிவதற்குள் மீண்டு தொட்டிலிற் கிடக்கின்றனர். உண்மை அறிந்தபொழுது பெற்றோர் அவர்களைக் காட்டில் மரத்தடியில் விட்டு நீங்குகின்றனர்.

நீலி கதையின் உயிர்நிலை இப்பகுதியே என்பது எம் கருத்து. ஏனெனில், பின்னர் அவையில் அவள் கொள்ளும் உருமாற்றம் முதல் உருமாற்றமன்று. நாள்தோறும் தாயின் முகம் பார்த்து மகவாகவும், இருள் வந்ததும் தன் பசியின் வழியே பேயாகவும் மாறியவள் அவள். அம்மாற்றத்தில் வஞ்சனை உண்டெனக் கூறுவதற்குக் கதையில் இடமில்லை. தொட்டிற் குழந்தைக்கு வஞ்சனை ஏது? பசி அவள் வேண்டிப் பெற்றதன்று. முற்பிறவிக் கொலை அவள்மேல் ஏற்றியது.

இங்கே இரு பிறப்புகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். கொன்றவனும் கொலையுண்டவளும் ஒருங்கே மனிதக் குடியிற் பிறக்கின்றனர். இருவரும் முன்னை வினையின் சுமையோடு பிறக்கின்றனர். மகனுக்கு நேரவிருக்கும் தீங்கினை அறிந்த வணிகன், மந்திரவாள் ஒன்றை அவன் கையிற் கொடுத்துக் காக்கின்றான். மகளின் இயல்பை அறிந்த பெற்றோர் அவளைக் காட்டில் விடுகின்றனர். கொன்றவனுக்கு வாள், கொலையுண்டவளுக்குக் காடு. கதை இதனை வெளிப்பட எடுத்துரைக்கவில்லை. ஆயினும் இரு குடும்பங்களையும் எதிரெதிரே நிறுத்தியிருப்பதே அதன் கூற்று.

இனி, சுற்றம் என்பது யாது? மனிதச் சுற்றம் நீலியைக் கைவிட்டது. உடன் நின்றவன் நீலன் ஒருவனே. அவன் முற்பிறவியிலும் அவள் பொருட்டே உயிர் துறந்தவன். மறுபிறவியில் அவளோடு ஒரு கருவிலிருந்து, அவளோடு ஒரு மரத்தடியில் விடப்பட்டவன். பேய்ச்சுற்றத்தில் அன்பும் மனிதச்சுற்றத்தில் அச்சமும் இருத்தலை இக்கதை காட்டுகிறது. அவளை இருபுறமும் இழுத்த உறவுகளுள் ஒன்று அவளை வேண்டவில்லை. மற்றொன்று அவளைப் பேயாகவே இருத்திற்று. அவளுக்கு மூன்றாவது வழி இல்லை.

மனித மொழியின் ஆற்றல்

பேய் என்ற முறையில் நீலி வணிகனைக் காட்டிலேயே கொன்றிருக்கலாமே, அவை ஏறி வழக்குரைத்தல் எதற்கு என்று வினவலாம். மந்திரவாள் அவனிடத்து இருந்தவரை பேயால் அவனை அணுக இயலவில்லை என்பது கதை தரும் விடை. அவ்விடையை இன்னும் சிறிது ஆழ்ந்து நோக்குவாம். பேயின் வலிமை முழுவதும் தோற்ற இடத்தில் வென்றது மனிதமொழி. மனைவி எவ்வாறு பேசுவாள், தாய் குழந்தையை எவ்வாறு ஏந்துவாள், அவையத்தார் எதற்கு இரங்குவர் என்பவற்றை அவள் எங்குக் கற்றாள்? தன்னைக் கைவிட்ட மனையிற் கற்றிருத்தல் வேண்டும். அன்றி, தான் மனைவியாக இருந்த முற்பிறவியினின்று கொணர்ந்திருத்தல் வேண்டும். எவ்வாறாயினும் அவள் மனிதரிடம் பெற்ற ஒரே செல்வம் அம்மொழியே. அதனையே படையாக்கினாள்.

அவள் கூறியது பொய்யா என்னும் வினாவுக்கு இப்பொழுது விடை காணலாம். அவள் உருவம் பொய், குழந்தை கள்ளிக்கொம்பு. ஆயின், ‘இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான்’ என்னும் முறையீடு, முற்பிறவி நோக்கி மெய். குழந்தையாக வந்த கள்ளியோ, தென்னாட்டு வழக்கின்படி, கொலைக்குச் சான்றாய் நின்ற கள்ளியே. அவையில் வணிகன் அருகே சென்றது பொய்க்குழந்தையன்று, மெய்ச்சான்று. பொய்யுருவில் மெய் பேசியவள் நீலி. ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கு உருவத்தை மட்டும் கண்டு முறையீட்டைக் காணாது விட்டது.

மறுப்பொன்று இங்கு எழும். வணிகன் இப்பிறவியில் ஒரு குற்றமும் அறியாதவன். அவனைக் கொல்லுதல் எங்ஙனம் நீதியாகும் என்பர். அம்மறுப்பு வலியது. கொன்றதனை அறியாத அவன், தன் பசியின் காரணம் அறியாத தொட்டிற் குழந்தையைப் போன்றவனே. இரண்டு அறியாமைகள் மோதும் இடத்தில் எவ்வகைத் தீர்ப்பும் முழுநீதி ஆகாது. எழுபதின்மர் அவ்விடத்தில் அகப்பட்டவர். அவர்கள் அறிவிலிகளாய் ஏமாந்தனர் என்று கூறுதல் அவர்தம் பெருமைக்கே இழுக்கு. மனிதச் சான்றுகொண்டு மனிதர் செய்யத்தக்க முடிவையே அவர்கள் செய்தனர். அது பிழைத்தபோது பிழையின் விலையைத் தாமே கொடுத்தனர். நீலியின் முறையீட்டில் மெய் இருந்தது எனக் கொள்ளின் அவர்தம் தியாகம் குறைவதில்லை, பொருள் மிகுகின்றது.

மூன்று நோக்குகள்

இக்கதைப் பெண்ணைச் சமய இலக்கியங்கள் எவ்வாறு கண்டன என்பது அடுத்து நோக்கத்தக்கது. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டில், ஒருத்தி வஞ்சனையால் உயிர் கவர்ந்த செய்தி குறிப்பாக மட்டும் அமைந்துள்ளது. அவள் பெயரோ வேளாளர் தொகையோ ஆண்டு இல்லை. உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம், சேக்கிழார் தோன்றிய வேளாளர் மரபின் பெருமை கூறுமிடத்து, பழையனூர் வேளாளர் உயிர் துறந்த வாய்மையைப் போற்றுகிறது. சைவ மரபில் கதையின் மையம் இவ்வாறு நீலியினின்று நீங்கி எழுபதின்மரிடம் அமைகின்றது. அவள் அவர்தம் வாய்மையை வெளிப்படுத்தும் கருவியாய் நின்றுவிடுகிறாள்.

சமண மரபோ பழையனூர் நீலியையே காப்பியத் தலைவியாக்கியது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் அ. சக்கரவர்த்தி அதனை 1936-இல் வெளியிட்டார். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை வெருட்டி ஓட்டக் காளியால் அழைக்கப்பட்டவள் பழையனூர் நீலி. அச்சுறுத்தியும், அரசன் மகளாக உருமாறி மயக்கியும் அவள் முயல்கிறாள். முனிவர் அசையவில்லை, அவள் யாரென்பதை அறிந்தே அறம் உரைக்கின்றார். அவள் மாணவியாகிப் பிற சமயத்தாரோடு வாதிடப் புறப்படுகிறாள். வணிகன் கொலையைக் காப்பியம் தன் கதைப்பொருளாகக் கொள்ளவில்லை. ஆயினும் ஒன்று கூர்ந்து காணத்தக்கது. பழையனூர் அவையில் வழக்குரைத்து வென்ற நாவே இங்கும் வெல்கிறது. நீலியின் ஆற்றல் சொல்லாற்றல் என்பதைக் காப்பியப் புலவர் நன்குணர்ந்திருந்தார். பேயை அழியாது அதன் பசியை மட்டும் அவித்துச் சொல்லை எஞ்சவிட்டது அவர் செயல்.

மூன்றாவது நோக்கு நாட்டார் நோக்கு. குமரி மாவட்டத்து முப்பந்தலில் இசக்கியம்மனாக வழிபடப்பெறும் தெய்வத்தின் கதையும் நீலி கதையே. இசக்கியின் உருவங்கள் சிலவற்றில் ஒரு கையில் குழந்தையை ஏந்தியவளாகவும் மற்றொரு குழந்தையை வாயிற் கவ்வியவளாகவும் அவள் காணப்படுகிறாள். தொட்டிற் பகலும் காட்டிரவும் அவ்வுருவில் ஒருங்கே நிற்கின்றன. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்டிர் அவளுக்கே தொட்டில் காணிக்கை இடுகின்றனர். தொட்டிலினின்று எறியப்பட்டவளுக்குத் தொட்டிலே காணிக்கையாதல் நாட்டார் வழங்கிய தீர்ப்பு எனலாம். சைவ மரபு பேயென்று ஒதுக்கியது. சமண மரபு பேய்மையை நீக்கி ஏற்றது. நாட்டார் மரபு பேயும் தாயுமாகிய அவளை உள்ளவாறே ஏற்றது.

அம்மையும் நீலியும்

திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்காலம்மையார் தம்மையே பேயென்று கூறிக்கொண்டவர். அவரும் வணிகன் ஒருவனால் கைவிடப்பட்ட மனைவி. மாங்கனி அற்புதங்கண்டு அஞ்சிய பரமதத்தன் அவரை நீங்கிப் பாண்டிநாடு சென்று வேறு மணம் புரிந்தான். அவன் பொருட்டுத் தாங்கிய ஊனுடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் அம்மையார். நீலி பேயாய்ப் பிறந்து மனைவியுருவை மேற்கொண்டாள்; அம்மையார் மனைவியாய் வாழ்ந்து பேயுருவை மேற்கொண்டார். ஒருத்தி உருமாறிக் கணவன் உயிரைக் கொண்டாள். ஒருவர் உருமாறிக் கணவன் தொடர்பை நீத்தார். நீலியைப் பெற்றோர் காட்டில் விட்டனர். அம்மையாரையோ இறைவன் ‘அம்மை’ என்று அழைத்துச் சுற்றமாக்கிக் கொண்டான். பேய்க்கணம் நீலிக்குத் தண்டனை, அம்மையார்க்குப் பேறு.

சேக்கிழார் கூறும் நிகழ்ச்சி ஒன்று இவ்விருவரையும் அருகருகே கொணர்கிறது. அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டில் கால் வைக்க அஞ்சிச் சம்பந்தர் அயலில் தங்கினார். இறைவன் கனவில் தோன்றித் தம்மைப் பாட மறந்தனையோ என வினவப் பதிகம் பாடினார். நீலியைக் குறிக்கும் அப்பதிகம் அம்மையார்பால் கொண்ட மதிப்பினின்றே பிறந்ததென்பது இதனாற் பெறப்படும். ஒரு பேயின் பெருமையை எண்ணித் தங்கிய இரவில் மற்றொரு பேயின் வஞ்சனை பாடல் பெற்றது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்துக் கற்றாலன்றித் திருவாலங்காட்டுப் பேயிலக்கியத்தின் முழுப்பொருள் விளங்காது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. நீலியின் கதை உருமாறி ஏமாற்றிய பேயின் கதை மட்டுமன்று. மனிதத் தொட்டிலுக்கும் பேய்க்காட்டிற்கும் இடையில் நிறுத்தப்பட்ட பெண்ணின் கதை. அவள் உருவம் பொய்யாயினும் அவள் முறையீடு மெய். அம்மெய்யைச் சமய இலக்கியத்தினும் வில்லுப்பாட்டும் வழிபாடுமே நிறைவாகக் காத்துள்ளன. ஆதலின் ஏட்டிலக்கியத்தை மட்டும் கொண்டு நீலியை மதிப்பிடுதல் ஒரு சார்பான சான்றை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைப்பதாகும்.

‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரை வழக்கினின்று நீக்குதல் யார்க்கும் இயலாது, வேண்டுவதும் அன்று. ஆயின், அத்தொடரை ஆளும் ஆராய்ச்சியாளர், அக்கண்ணீருக்குப் பின்னே ஒரு கொலையும், கொலைக்குச் சான்றாக நின்ற ஒரு கள்ளியும், விடியலில் வெறுமையாகக் கிடந்த ஒரு தொட்டிலும் உண்டென்பதை மறத்தல் ஆகாது.